கேட் பாஸ் படிவத்தை இரண்டாகப் பிரித்த கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, என்னோடு எம்.சி.ஏ. முடித்தவர்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் வீட்டில்தான் இருந்தார்கள். சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருந்த காலம் அது. இரும்பு ஆலையில் கணினிக்காரிக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீடு இருந்த மணவாள நகரில் மெயின் ரோட்டுக்கு வந்து நின்றால் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகப் போகும் அந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் ஒரு தூக்கம் போடலாம்.

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்கு சிஸ்டம்ஸ் ரூம் என்று பெயர். உள்ளே ஒரு சர்வர், இரண்டு கணினி, ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. சர்வருக்காக வைத்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார். அவர் எழுதிவைத்த நிரல்கள்தான் என் சொத்து. அவற்றில் முக்கியமானது கேட் பாஸ் படிவம்.

ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்களைவிட ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். காண்ட்ராக்டர்கள் அழைத்துவரும் ஆட்கள். பீகார், ஒரிசா, கொஞ்சம் பேர் ஆரம்பாக்கம், தடா பக்கம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் கேட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், காண்ட்ராக்டர், வயது, ஷூ அளவு எல்லாம் கேட்டுக் கணினியில் ஏற்றி, ஒரு பாஸ் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு கேள்வி உண்டு: பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தாரா, இல்லையா. உட்கார்ந்திருந்தால் சின்னக் கட்டத்தில் ஒரு டிக்.

கேட் அறையில் இருந்து இந்த வேலையைச் செய்தவள் பழவேற்காட்டுப் பெண். என்னைவிட மூன்று நான்கு வயது சிறியவள். அவள் வாப்பாவுக்கு அங்கே கருவாட்டு வியாபாரம். பொன்னேரியில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். தலையில் துப்பட்டாவை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் நின்றாலும் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருப்பாள். ஆள் ஒருவர் வந்து நிற்கும்போது மட்டும் முகத்தைப் பார்ப்பாள். ‘ஆப்கா நாம்’ என்று இந்தியில் பெயர் கேட்க அங்கேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் சேர்ந்து சில மாதங்கள் கழித்து ரோலிங் மில்லில் ஒருவருக்குக் கை வெந்தது. வேலைக்கு வந்து இரண்டாவது நாள். உருளையிலிருந்து வெளியே வந்த கம்பி சிவப்பு போய்க் கறுத்துவிட்டிருந்தது. கறுத்துவிட்டால் ஆறிவிட்டது என்று நினைத்துக் கையால் தள்ளியிருக்கிறார். வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே அதுதான், கறுத்த கம்பியை நம்பாதே என்பது. அவர் வகுப்பில் உட்காரவே இல்லை என்பது அன்றைக்கு மாலையே தெரிந்துவிட்டது. கேட் பாஸ் பதிவில் மட்டும் அவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், பாதுகாப்பு அலுவலர், கேட் காவலுக்குப் பொறுப்பான செக்யூரிட்டி அதிகாரி, கேட் பெண், பதிவைக் காட்டுவதற்காக நான். காயப்பட்டவர் அப்போது சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். செக்யூரிட்டி அதிகாரி பேச்சைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். பெண் கவனமில்லாமல் டிக் போட்டுவிட்டாள், அவளை மாற்றிவிடலாம் என்றார். மாற்றுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அவளும் ஒப்பந்தத்தில் இருந்தவள்தான்.

அவள் அழவில்லை. நின்றபடியே சொன்னாள்: “சார், நான் டிக் போடலை. பக்கம் தொறக்கும்போதே அது டிக்கோடதான் வந்துகினு இருக்கு. எடுக்கணும்னாத்தான் நான் கை வெக்கணும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவர் கணினியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பெயர் கட்டம் காலி, ஊர் கட்டம் காலி, வயது கட்டம் காலி. பாதுகாப்பு வகுப்பு மட்டும் டிக்கோடு வந்தது.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று அவர் கேட்டார். வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்கள், முன்னால் இருந்தவர் அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்று சொன்னேன். யார் கேட்டிருப்பார்கள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு அலுவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள் என்றார். கேட் பெண் வேலையில் தொடர்ந்தாள்.

டிக்கை எடுப்பது சின்ன வேலை. ஒரு சொல்லை அழித்தேன், அவ்வளவுதான். அடுத்த நாள் முற்பகலில், ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியவர் வேலூர்க்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர்.

“இன்னா மேடம், இன்னிக்கு வந்த ஆளுங்க எல்லாம் மூணாங்கிளாஸா? எட்டு வயசு, ஒம்பது வயசுன்னு இருக்குது. லேபர் ஆபீஸர் வந்து பாத்தா நாம எல்லாரும் உள்ள போய்டுவோம்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். வயது இருக்க வேண்டிய இடத்தில் ஷூ அளவு இருந்தது. ஷூ அளவுக்கான இடத்தில் அடுத்த கேள்வியின் பதில். காரணம் புரிய அரை மணி நேரம் ஆனது. டிக் இல்லாத கட்டத்தை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது, அப்படி ஒரு கேள்வியே இல்லாததுபோல விட்டுவிடும். சர்வர் பக்கம் இருந்த நிரலோ, வருகிற பதில்களைப் பெயர் பார்த்து வாங்காமல் வரிசைப்படி வாங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவதாக வருவது டிக், ஆறாவதாக வருவது வயது என்று கணக்கு. ஐந்தாவது வராமல் போனதும் பின்னால் வந்த எல்லாரும் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிட்டார்கள்.

அன்று மதியம் அந்தக் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாமே ஒரே கோப்பில் இருந்தது. கேட்டில் தெரிகிற பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, கேள்விகளின் வரிசை, விடைகளைச் சரிபார்ப்பது, டேட்டாபேஸில் எழுதுவது, பாஸ் அச்சடிப்பது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. கேட்டில் ஒரு கேள்வியை மேலே நகர்த்தினால் உள்ளே ஒருவரின் வயது மாறிவிடும். முன்னால் இருந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே ஆள் அவசரத்தில் எழுதினால் அப்படித்தான் வரும்.

அதை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முன்பக்கம் என்று ஒன்று, அது கேட்டில் தெரிவது. கேட்பதும் காட்டுவதும் மட்டும் அதன் வேலை. பின்பக்கம் என்று ஒன்று, அது சர்வரில் இருப்பது. அதற்கு முகமே கிடையாது. ‘இந்தப் பெயரில் இந்த விவரம்’ என்று எழுதி அனுப்பினால் வாங்கிக்கொள்ளும், சரிபார்க்கும், ‘ஏற்றேன்’ அல்லது ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்று ஒரு வரியில் பதில் சொல்லும். கேள்வி எந்த வரிசையில் கேட்கப்பட்டது, கட்டம் பச்சையா நீலமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

சிஸ்டம்ஸ் பிரிவு அக்கவுண்ட்ஸ் தலைவரின் கீழ் இருந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்டார். எட்டு வயதுத் தொழிலாளர் பட்டியலை அச்சடித்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். “செய்ங்கம்மா” என்றார்.

முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதற்காகக் கேட் அறைக்குப் போனேன். விசாரணைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் எனக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று அவளுக்கும் தெரியவில்லை, நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு ஸ்டூலைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். வரிசை ஓய்ந்த நேரத்தில் பேசினோம். இந்தப் பக்கத்தில் உனக்கு எது பிடிக்கவில்லை என்று கேட்டதுதான் தாமதம், அவள் நிறுத்தவே இல்லை. ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் மொத்தமாகத்தான் வருவார்கள், பத்துப் பேருக்கும் காண்ட்ராக்டர் பெயரைப் பத்து தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தப்பு வந்தால் முழுப் பக்கமும் காலியாகிவிடுகிறது. தப்பு என்னவென்று ஆங்கிலத்தில் சிவப்பில் வருகிறது, வெளியே நிற்கிற சூப்பர்வைசருக்கு அது அவள் செய்த தப்பு போலத் தெரிகிறது.

கடைசியில் சொன்னாள்: “டிப்ளமாவுல வெப் பேஜ் போடக் கத்துக்குடுத்தாங்க மேடம். மறந்துபோச்சு. ஆனா பாத்தா வந்துரும்.”

அப்படியானால் நீயே போடு என்று சொன்னேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. பிரித்துவிட்டால் அவள் முன்பக்கத்தில் என்ன செய்தாலும் பின்பக்கத்தில் எதுவும் கெடாது என்று அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது. எந்தப் பெயரில் எந்த விவரம் அனுப்ப வேண்டும், என்ன பதில் வரும் என்பதை மட்டும் நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். அதற்கு அப்புறம் அவள் பாடு அவளுக்கு, என் பாடு எனக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் சண்டை வந்தது. டிக் இல்லாவிட்டால் பக்கத்தை அனுப்பவே விடாமல் முன்பக்கத்திலேயே நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பக்கத்தில் வைத்த பூட்டை முன்பக்கத்தை மாற்றினால் திறந்துவிடலாம். நாளைக்கு இரண்டாவது கேட் வரும், அங்கே இன்னொருவர் இன்னொரு பக்கம் போடுவார், பூட்டு வைக்க மறந்துவிடுவார் என்றேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

“வகுப்புல உக்காந்தானா இல்லியான்னு எனக்கு எப்டி மேடம் தெரியும்? நான் கேட்டுலதான இருக்கேன். சூப்பர்வைசர் சொல்றதத்தான போடறேன். அந்தக் கேள்விய எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?”

அவள் கேட்டது சரிதான். வகுப்பு எடுப்பவர் பாதுகாப்பு அலுவலர். யார் உட்கார்ந்தார் என்று தெரிந்தவர் அவர். எனவே கேட்டில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். பாதுகாப்பு அலுவலருக்கு அவர் அறையில் ஒரு தனிப் பக்கம். வகுப்பு முடித்தவருக்கு எண் போட்ட அட்டை ஒன்று கொடுத்து அந்த எண்ணை அவர் ஏற்றிவிடுவார். கேட்டில் இவள் அட்டை எண்ணை அடித்தால் போதும். இருக்கிறதா இல்லையா என்று பின்பக்கம் பார்த்துக்கொள்ளும். டிக் போட இடமே கிடையாது.

அவள் பக்கத்தை முடிக்க மூன்று வாரம் போல ஆனது. வரிசை இல்லாத நேரத்தில் செய்தாள். தமிழில் செய்தி வர வேண்டும் என்று பிடிவாதம். கேட் கணினி பழசு, தமிழ் எழுத்துகளெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்தன. விண்டோஸ் சி.டி. தேடி எடுத்துவந்து தமிழ் எழுத்துருவை ஏற்றிக் கொடுத்தேன். பின்பக்கம் எனக்கு வசதியாக எண்களில் பதில் சொன்னது. அவள் அந்த எண்களுக்கு எதிரே சொற்களை எழுதிக்கொண்டாள். ‘அட்டை எண் இல்லை. பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கவும்.’ ஏற்றுக்கொண்டால் பக்கம் முழுக்கப் பச்சை, மறுத்தால் சிவப்பு. பிறகு யாரிடமும் கேட்காமல் மானிட்டரை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டாள். வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும்படி.

புதிய பக்கம் ஓட ஆரம்பித்த வாரத்திலேயே சிக்கல் வந்தது. ஆள் அனுப்புவதில் பெரியவரான காண்ட்ராக்டர் ஒருவரின் சூப்பர்வைசர் ஒரு கும்பலைக் கூட்டிவந்தார். எல்லைப்பக்கத்து மனிதர். ஆட்களிடம் தெலுங்கும் இந்தியும், எங்களிடம் தமிழும் பேசுவார். கெட்டவர் இல்லை. ஆனால் காலை ஷிப்டுக்குள் ஆள் உள்ளே போகாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர் திட்டுவார். வந்தவர்களில் பாதிப் பேரிடம் அட்டை இல்லை. அன்று நான் வேறு வேலையாகக் கேட் அறையில்தான் இருந்தேன்.

அவர் ஜன்னலில் குனிந்து, “பசங்க எல்லாம் நேத்து ராத்திரி ரயிலு எறங்கினவங்க. ஒரு டிக்கு போட்டு உள்ள விடும்மா, வகுப்பு வியாழக்கிழமை பாத்துக்கலாம்” என்றார்.

“டிக்கு இல்ல சார் இப்ப.”

“எங்க போச்சு?”

அவள் மானிட்டரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள். சிவப்பாக இருந்தது. “பாத்துக்கோங்க. நான் அடிக்கிறேன், அது வாங்க மாட்டேங்குது. என் கைல ஒண்ணும் இல்ல.”

அவர் அதை இரண்டு முறை படித்தார். குரலை உயர்த்தினார், பிறகு குறைத்தார். யார் கையில் இருக்கிறது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டவில்லை. ஆபீஸில் கேளுங்கள் என்றாள். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் என் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னாலேயே வந்தார்.

“இன்னா மேடம், இப்டி பேஜாரு பண்றீங்க. ஆளு உள்ள போலன்னா மில்லு நிக்கும். நின்னா என்னைத்தான் கேப்பாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் சங்கடம். அதுவரை இந்த நெருக்கடியெல்லாம் கேட் ஜன்னலில் ஒரு பெண்ணின் மேல் விழுந்துகொண்டிருந்தது. படிவத்தைப் பிரித்தபோது அதையும் சேர்த்து நகர்த்தி என் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவரைப் பாதுகாப்பு அலுவலரிடம் போகச் சொன்னேன். அவர் மேனேஜரிடம் போனார்.

மதியம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நிதானமாகத்தான் பேசினார். வகுப்பு வாரத்தில் இரண்டு நாள்தான் நடக்கிறது, இடையில் வருகிறவனை என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு சொன்னார்: “அந்த அட்டை செக்கை எடுத்துடுங்க. ஒரு லைன்தானே?”

ஒரு வரிதான். எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. அப்பா அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் முறையில் வேலை பார்த்தவர், அடுத்த வருடம் ஓய்வு. தம்பி படித்துக்கொண்டிருந்தான். மறுத்துப் பேசும் ஆளும் நான் இல்லை. ஆனால் சிவப்பு போய்க் கறுத்த கம்பியும் நினைவில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் யோசித்தபோது, பின்பக்கத்துக்கு முன்னால் எத்தனை முகம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது தோன்றியது.

“எடுக்க வேணாம் சார்” என்றேன். “உங்களுக்குத் தனியா ஒரு ஸ்க்ரீன் போட்டுத் தர்றேன். அட்டை இல்லாத ஆளை நீங்க ஒரு ஷிப்டுக்கு அனுமதிக்கலாம். நீங்க அனுமதிச்சா கேட்ல உடனே பச்சை வரும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “என் பேர் வருமா?”

“வரும் சார். யார் அனுமதிச்சாங்கன்னு ஒரு பேர் இருக்கணும் இல்லையா.”

கோபமா, இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தார். “சரி, போடுங்க” என்றார்.

சாயங்காலம் பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிட்டேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு விவரம் கூடியது: அனுமதித்தவர். அவருக்கென்று ஒரு சின்னப் பக்கம், அவருடைய பாஸ்வேர்டு. கேட் பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய கோப்பாக இருந்திருந்தால் எத்தனை பேரின் வயது மாறியிருக்குமோ.

முதல் சில நாட்கள் மேனேஜர் அதை நிறையப் பயன்படுத்தினார். காலையில் அவர் அறை வாசலில் சூப்பர்வைசர்கள் நின்றார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவர் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார். பீகார் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவருக்கும் கேட்டார். காபி ஆறிப்போவதாக அவருடைய உதவியாளர் எங்களிடம் வந்து சொன்னார். மாதக் கடைசியில் பாதுகாப்பு அலுவலர் தன் வழக்கமான அறிக்கையை எடுத்தபோது, வகுப்பு இல்லாமல் உள்ளே போனவர்கள் எல்லாருக்கும் நேரே ஒரே பெயர் இருந்தது. அவர் அதை அப்படியே மேனேஜரின் கையெழுத்துக்கு அனுப்பினார்.

அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு தினமும் நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பாதியைத் தடுத்து, பெஞ்சு போட்டு, ஷிப்டுக்கு முன்னால். இந்தியில் சொல்லித்தர மில்லிலிருந்தே ஒரு மூத்த தொழிலாளியை வைத்தார்கள். மேனேஜர்தான் உத்தரவு போட்டார். தன் பெயர் வருவது பிடிக்காமல் போட்டாரா, தினமும் பெயர் அடித்துச் சலித்துப்போய்ப் போட்டாரா, அதுதான் சரி என்று நினைத்துப் போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. வகுப்பு நடந்தது, அது போதும்.

கை வெந்தவர் திரும்பி வந்தது அந்தக் கொட்டகை வகுப்பு தொடங்கிய பிறகு. ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். கேட் பெண் எனக்குப் போன் செய்து, அவர் வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். போனேன். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. மற்ற ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, கறுத்த கம்பியைத் தொடாதே என்று மூத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்பவருக்கு அவர் யாரென்று தெரியாது போல. பக்கத்தில் இருந்தவன் எதையோ கேட்க, அவர் கையைக் காட்டினார்.

வகுப்பு முடிந்து அட்டையோடு ஜன்னலுக்கு வந்தார். அவள் எண்ணை அடித்தாள், பச்சை வந்தது. பாஸை நீட்டும்போது அவருடைய வலது கைப் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். கம்பிக் கட்டுகளில் அளவுச் சீட்டு மாட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது, “ஊட்டுக்குப் போய்த் தூங்குங்க மேடம்” என்று சொன்னாள்.

சொன்னபடியே இரண்டாவது கேட் வந்தது, லாரிகளுக்காக. அங்கே டிரைவர்கள், கிளீனர்கள், பழைய இரும்பு ஏற்றிவருபவர்கள். கேள்விகளே வேறு. அதற்கான முன்பக்கத்தை அவள் தனியாகவே போட்டாள். தெலுங்கில் ஒரு வரி வேண்டும் என்று அந்த எல்லைப்பக்கத்து சூப்பர்வைசரையே கூப்பிட்டு எழுதச் சொன்னாள். அவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் தலைவர் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசிக் காரியங்களில் ஒன்று, அவளைச் சிஸ்டம்ஸ் பிரிவுக்கு மாற்றும்படி எழுதியது. என் மேசைக்கு எதிரே இன்னொரு மேசை வந்தது. ‘மேடம்’ போய் ‘அக்கா’ ஆனது. நோன்பு மாதத்தில் மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்கினால், “சாப்புடுங்கக்கா, எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று அவளே சத்தம் போடுவாள்.

நான் சேர்ந்து பத்தாண்டு முடியும் தறுவாயில் மேனேஜர் வேறு ஆலைக்கு மாறிப்போனார். புதிதாக வந்தவர் என்னைக் கூப்பிட்டு, தன் கணினியில் இருக்கும் பக்கங்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று விசாரித்தார். அந்தச் சின்னப் பக்கம் வந்தபோது விவரம் சொன்னேன். இப்போது தேவையே படுவதில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், வேறு எதுவும் பாதிக்காது என்றேன்.

அவர் யோசித்தார். “இருக்கட்டும்” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மில்லின் பெரிய மோட்டார் நின்றுவிட்டது. பழுது பார்க்க அம்பத்தூரிலிருந்து அவசரமாக வந்த இரண்டு பேரிடம் அட்டை இல்லை. புதிய மேனேஜர் அவரே அனுமதிக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்று எங்கள் அறைக்குப் போன் செய்தார். எடுத்தவள் அவள்தான். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “சார், கேப்ஸ் லாக் போட்டிருக்கான்னு பாருங்க” என்றாள். பிறகு நன்றி சொல்லும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு கேட்டுக்குப் பேசி, பச்சை வந்துவிட்டதா என்று விசாரித்தாள். வந்துவிட்டது என்றார்கள்.